நூற்றைம்பது சொல்லில் ஒரு கடிதம்

பிளஸ் டூ முடித்த எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தை ஒப்பித்துவிடுவார்கள்: விடுப்புக் கடிதம். காய்ச்சலால் அவதிப்படுவதால் இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளும் அந்த நாலு வரியை எழுதாத பிள்ளை நம்மூரில் இல்லை. நண்பனுக்குக் கடிதம், புத்தகக் கடைக்குக் கடிதம் என்று இன்னும் ஒன்றிரண்டு பாடத்தில் உண்டு. அவற்றையும் நோட்ஸில் இருந்தபடியே எழுதினோம். தன் வீட்டில், தன் தெருவில் நடந்ததைத் தானே யோசித்து ஆங்கிலத்தில் பத்து வரி எழுதும் பழக்கம் பெரும்பாலானவர்களுக்கு வாய்க்கவே இல்லை.

வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களிடம் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு கேட்பது அந்தப் பழக்கத்தைத்தான். அவர்கள் எழுதும் ஜெனரல் டிரெய்னிங் பிரிவில் எழுத்துத் தேர்வுக்கு மொத்தம் 60 நிமிடம். முதல் கேள்வி ஒரு கடிதம்: குறைந்தது 150 சொல், 20 நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டாவது, குறைந்தது 250 சொல்லில் ஒரு கட்டுரை. அதற்கு இரட்டை மதிப்பு. கனடாவில் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் விண்ணப்பிக்கிறவர்கள் நல்ல புள்ளிகள் பெற எழுத்தில் 7 பேண்ட் எடுக்க வேண்டியிருக்கிறது. பேசுவதில் தடுமாறாத பிள்ளைகள்கூட எழுத்தில் ஆறிலும் ஆறரையிலும் நின்றுவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கடிதக் கேள்விகளில் பயமுறுத்தும் விஷயம் எதுவுமில்லை. குடியிருக்கும் வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது, வீட்டுக்காரருக்கு எழுத வேண்டும். பஸ்ஸில் பையை விட்டுவிட்டீர்கள், கம்பெனிக்கு எழுத வேண்டும். வெளியூர்த் தோழி உங்கள் ஊரைப் பார்க்க வருகிறாள், என்னென்ன பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே மூன்று குறிப்புகள் இருக்கும். மூன்றுக்கும் பதில் வந்தாக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் மதிப்பெண் இறங்கும்.

இதற்குத்தான் டெம்ப்ளேட் விற்கிறார்கள். புகார்க் கடிதத்துக்கு ஒன்று, நன்றிக் கடிதத்துக்கு ஒன்று, அழைப்புக்கு ஒன்று. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். தேர்வுக் கட்டணமே 16,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. கடன் வாங்கிக் கட்டுகிற பிள்ளைகளுக்கு இந்தக் குறுக்குவழியைக் காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. மனப்பாடமாக வந்த விடையைத் தேர்வாளர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள், மதிப்பெண்ணும் குறையும். அதைவிடப் பெரிய நஷ்டம், டெம்ப்ளேட்டை நம்பிய பிள்ளைக்குக் கேள்வி கொஞ்சம் திரும்பினாலும் கை ஓடாது.

என் தங்கை மகள் திருநெல்வேலியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். கனடாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். வேலை முடிந்து வந்து தினம் ஒரு கடிதம் எழுதி என்னிடம் காட்டுவாள். தோழியை ஊருக்கு அழைக்கும் கேள்விக்கு முதலில் அவள் எழுதியதில் இயற்கை எழில், செழுமையான பண்பாடு, மறக்க முடியாத அனுபவம் எல்லாம் இருந்தன. எந்த ஊர் என்று மட்டும் தெரியவில்லை. "நெல்லையப்பர் கோயிலுக்கு அவளை எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போவே?" என்று கேட்டேன்.

"சாயங்காலந்தான் பெரியம்மா. அப்பத்தானே எதுத்தாப்ல இருட்டுக்கடை தொறப்பாங்க."

"அதையே எழுது."

அன்று ராத்திரியே திரும்ப எழுதினாள். காலையில் வந்தால் கடை பூட்டியிருக்கும், சாயங்காலம் வா. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள். அல்வாவைச் சூடாக அங்கேயே நின்று தின்றுவிடு, வீட்டுக்குக் கொண்டுபோனால் அந்த ருசி இருக்காது. சின்னச் சின்ன வாக்கியங்கள். பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஏன், எப்போது, எப்படி என்று காரணங்கள் தாமாக வந்து சேர்ந்ததால் வாக்கியங்களும் தாமாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. தேர்வில் மதிப்பெண் போடும் நான்கு அம்சங்களில் கோர்வையும் ஒன்று. இணைப்புச் சொற்களின் பட்டியலை உருப்போட்டு அது வருவதில்லை, சொல்ல விஷயம் இருந்தால்தான் வரும்.

வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதம் அவளுக்கு இதைவிடக் கஷ்டமாக இருந்தது. தமிழில் வினைமுற்றிலேயே மரியாதை உட்கார்ந்திருக்கிறது. 'அனுப்புங்கள்' என்றால் போதும். ஆங்கிலத்தில் அந்த மரியாதையை முழு வாக்கியத்திலும் பரப்ப வேண்டும். 'முடியுமா', 'அனுப்பினால் உதவியாக இருக்கும்' என்று கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் கட்டளையாகிவிடும், அல்லது விடுப்புக் கடிதத்தின் கெஞ்சல் வந்துவிடும். மாதாமாதம் வாடகை கட்டுகிறவள் குழாயைச் சரிசெய்யச் சொல்வதில் கெஞ்ச என்ன இருக்கிறது? நிமிர்ந்து, ஆனால் பதவிசாகக் கேட்கும் அந்தக் குரல் அவளுக்குப் பிடிபட வாரங்கள் ஆயின. இலக்கணப் பிழைகளைக் காட்டிலும் இந்தக் குரலுக்குத்தான் நான் அதிகம் மெனக்கெடச் சொல்வேன். நம் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத் தராதது அது.

பிழைகள் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'எ'யா, 'தி'யா, ஒன்றும் வேண்டாமா என்ற குழப்பம் தமிழ் பேசுகிறவர்களை விடுவதே இல்லை, தமிழில் அந்த வழக்கமே கிடையாது. 'ஐ ஆம் ஹேவிங்' இன்னொன்று. எழுதி முடித்த கடிதத்தை உரக்க வாசித்தால் பாதி அகப்பட்டுவிடும். கம்ப்யூட்டரில் எழுதுகிறவர்களுக்குத் திரையிலேயே சொல் எண்ணிக்கை தெரியும். தாளில் எழுதுகிறவர்கள் தங்கள் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் வருகிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், பரீட்சையில் உட்கார்ந்து எண்ண நேரமிருக்காது. மாதிரிக்குக் கேம்பிரிட்ஜ் வெளியிடும் பயிற்சித் தேர்வுப் புத்தகங்கள் போதும். தேர்வாளர் குறிப்போடு மாதிரி விடைகளும் அவற்றில் உண்டு.

எழுத விஷயத்தை வெளியே தேட வேண்டாம். சிலிண்டர் வரத் தாமதமானது, மாடியில் மோட்டார் ஓடும் சத்தம், சித்தி மகன் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனது என்று ஒரு நாளில் நடப்பதே ஒரு மாதப் பயிற்சிக்குப் போதும்.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இந்தத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தால், தினம் அது எழுதும் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. யாருக்கு எழுதியது, என்ன வேண்டும் என்று எழுதியது, இந்த இரண்டும் உங்களுக்குப் புரிகிறதா என்று மட்டும் சொல்லுங்கள். புரியாத இடத்தில் விரலை வையுங்கள், பிள்ளை திருத்திக்கொள்ளும்.