வௌவாலும் காளானும்

இரண்டு கவிஞர்கள் அகப்பட்டால் உடனே தராசைத் தூக்கிவிடுகிறோம். சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டு அடுப்பு இதைவிட விநோதமான ஜோடி ஒன்றை வைத்திருந்தது: பழந்தின்னி வௌவால், புற்றுக்காளான்.

அப்பாவுக்கு இழுப்பு. வௌவால் கறி நெஞ்சைத் திறக்கும் என்று யாரோ சொல்ல, கொல்லிமலை அடிவாரத்தில் சுட்டுக் கொண்டுவந்து தருவார்கள். அம்மா அதைப் புறக்கடையில் கல் கூட்டித் தனிச் சட்டியில் வேகவைப்பாள். தான் வாயில் வைக்கமாட்டாள். மழைக்குப் பின் புற்றில் பறித்த காளான் உள் அடுப்புக்கு வரும், மிளகு தட்டிப் போட்டு. அவளுக்கு அது காய்கறி. உயிரியல் வேறு சொல்கிறது: பூஞ்சைகளின் வம்சம் செடிகொடிகளைவிட விலங்குகளுக்குத்தான் கிட்டம். அந்தக் கணக்கில் காளான் கத்திரிக்காயை விட்டு வௌவாலுக்குத் தூரத்துப் பங்காளி.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது உறவுமுறை அல்ல. புற்றுக்காளான் கறையானோடு கூட்டுக் குடித்தனம். கறையான் தின்று கழித்த இலைச் சக்கையில் புற்றுக்குள் வளர்ந்து, அதைக் கறையானுக்குச் செரிக்கும் உணவாக மாற்றித் தருகிறது. இவ்வகையில் ஓர் இனத்தை 1979-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் முதன்முதலாக விவரித்தார். பெயர் என்னவோ பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்முடையது: டெர்மிடோமைசிஸ் ஹெய்மி. நாம் பறிக்கும் குடை அதன் காய்ப்பு மட்டுமே. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கிறது. அடுத்த மழைக்கு அதே புற்றுக்குப் போகலாம். அம்மா போனாள்.

வௌவாலில் அப்படி ஒரு பகுதியைப் பறித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவர முடியாது. பெரிய பழந்தின்னி சுமார் ஐந்து மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும். ஒன்றைச் சுட்டால் இலுப்பைக்கு மகரந்தம் சுமப்பதும் அத்தி விதையைத் தூரத்தில் போடுவதும் அந்த அளவுக்குக் குறைகின்றன. 1972-இன் வனவிலங்குச் சட்டம் பழந்தின்னிகளைக் காக்கை, எலியோடு தீங்குயிர்ப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலே ஒழிய 2022-இன் திருத்தம் வரவேண்டியிருந்தது. ஐம்பது வருஷம்.

அப்பாவின் மூச்சு வௌவாலால் ஒருநாளும் சீராகவில்லை. உறிஞ்சும் மருந்து வந்த பிறகுதான் இரவில் படுத்துத் தூங்கினார். அதுவரை எத்தனை வௌவால் சமைத்திருப்பாய் என்று அம்மாவைக் கேட்டேன். எண்ணவில்லை என்றாள். காளான் முளைத்த புற்றுகளை மட்டும், இன்னும் இருப்பவை, உழுது போட்டவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள்.