18-200: விக்கிறதா, வச்சுக்கிறதா?

மக்களே, ரொம்ப நாள் கழிச்சு ஒரு கேமரா பதிவு. லென்ஸ், எம்எம்னு ஆரம்பிச்சாலே ஓடிப் போற கோஷ்டி இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம். ஆனா பாதிக்கு மேல இது கண்ணாடிக் கதை இல்ல. முடிஞ்சா கடைசி வரைக்கும் வாங்க.

விஷயம் இதுதான். என்கிட்ட ஒரு நிக்கான் 18-200 இருக்கு. சின்னசேலத்துல கல்யாண போட்டோ எடுக்கிற ஒரு தம்பி, "ண்ணா, சும்மா பீரோவுலதான தூங்குது? 9,000 தர்றேன், குடுத்துருங்க"ன்னு கேட்டார். அதோட கொஞ்சம் போட்டா நான் ரொம்ப நாளா கண்ணு வச்சிருக்கிற 35 எம்எம் எஃப்/1.8 வந்துடும். தங்கமணிகிட்ட அபிப்ராயம் கேட்டேன். "இப்பல்லாம் எதையும் போன்லயே எடுத்துக்கறீங்க. அப்புறம் எதுக்குங்க அந்த உலக்கை? குடுத்துட்டு வேலையப் பாருங்க"ன்னு ஒரே மூச்சுல தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு வழியில்லாத தீர்ப்புன்னு உங்களுக்குச் சொல்லவா வேணும்? அப்படியும் ஒரு வாரம் யோசிச்சேன். யோசிச்சதை இங்க எழுதி வைக்கிறேன்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. 18ன்னா அகலம். தெரு, தேர், கூட்டம் எல்லாம் ஒரே படத்துல அடங்கும். 200ன்னா தூரம். தெருக்கோடியில நிக்கிறவர் முகம் மட்டும் பக்கத்துல வரும். நடுவுல லென்ஸ் மாத்த வேண்டாம், ஒரு வளையத்தைத் திருப்பினா போதும். 76 டிகிரிப் பார்வை 8 டிகிரியா சுருங்கிடும், 11 மடங்கு. இப்படி ஒரே குழாயில எல்லாத்தையும் அடைக்கிற வித்தையைப் பிரபலமாக்கினது 1992-ல் வந்த டாம்ரான் 28-200. நிக்கான் இந்த 18-200ஐ 2005 கடைசியில அறிவிச்சது. கை நடுக்கத்தைச் சமாளிக்க விஆர் வசதியும் இதுல இருந்ததால ஆளாளுக்குத் தேடி வாங்கினாங்க.

நான் வாங்கினது 2008-ல், டி80 கேமராவோட. அந்தச் சமயத்துல 'தமிழில் புகைப்படக்கலை' பதிவுல மாசா மாசம் போட்டி வைப்பாங்களே, ஞாபகம் இருக்கா? பூ, நிழல், கதவுன்னு தெருத்தெருவா எத்தனை பேர் அலைஞ்சோம்! அந்த ஜுரத்துல வாங்கினதுதான். ஜெயிச்சியான்னு யாரும் கேக்கப்படாது.

முதல்ல விக்கிற கட்சியோட வாதம்.

இந்த லென்ஸ் ஒண்ணும் உத்தமன் இல்ல. உள்ள 16 கண்ணாடி, எடை 560 கிராம். கழுத்துல மாட்டிக்கிட்டு நடந்தா தானா நீண்டு யானைத் தும்பிக்கை மாதிரி தொங்கும். 2009-ல் வந்த அடுத்த மாடல்ல அதைப் பூட்டி வைக்க ஒரு சுவிட்ச் குடுத்தாங்க. என்னோடது அதுக்கு மூத்தது, பூட்டு கீட்டு கிடையாது. 18-ல எடுத்தா நேரான சுவர் தொப்பை போட்ட மாதிரி வளையும். 200-ல எடுத்தா படம் கொஞ்சம் சோப்பு நுரை மாதிரி இருக்கும். டி80 10 மெகாபிக்சல்தான், அதுல இந்தக் குறையெல்லாம் பெருசா தெரியல. அப்புறம் டி7000 வந்தது, 16 மெகாபிக்சல். லென்ஸோட வண்டவாளம் தண்டவாளம் ஏறிடுச்சு.

அடுத்தது வெளிச்சம். 200-ல இதோட வாய் எஃப்/5.6 வரைக்கும்தான் திறக்கும். 35 எஃப்/1.8 அதை விட கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ள விடும். எங்க கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது, தெரிஞ்சிருக்கும். அந்தப் பட்டறைகள்ல போய் நின்னு பாருங்க. ஒரு ஜன்னல், ஒரு டியூப்லைட், ஓயாம ஆடுற உளி. விஆர் நம்ம கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், சிற்பியோட கையை நிறுத்தாது. அந்த இடத்துல 35 ராஜா, 18-200 வேடிக்கை பாக்க வந்தவன்.

தங்கமணி சொன்ன போன் வாதமும் லேசுப்பட்டதில்ல. லென்ஸோட 18 பக்கத்து வேலையை எல்லாம் இன்னைக்கு போன் தின்னுடுச்சு. வீடு, விருந்து, பிறந்தநாள் கேக் எதுக்கும் யாரும் பையைத் திறக்கிறதில்ல. மிச்சம் இருக்கிறது 70-லேர்ந்து 200 வரைக்கும்தான். என் பட்ஜெட் போன்ல அந்தத் தூரத்துக்கு விரலால இழுத்தா மூஞ்சி கூழாயிடும்.

இப்ப வச்சுக்கிற கட்சி.

எங்க ஊர்லேர்ந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி கல்வராயன் மலை ஏறினா வெள்ளிமலை. வழியில பெரியார் அருவி. பஸ்ல தொங்கிக்கிட்டுப் போய், சாரல்ல நின்னுக்கிட்டு, ஒரு கையில லென்ஸ் மூடி இன்னொரு கையில கேமரான்னு மாத்திப் பாருங்க. உள்ள போற ஈரமும் தூசியும் செலவுதான். மாட்டினதை மாத்தாம அருவியையும் எடுத்து, எதிர்ச் சரிவுல ஒத்தையா மேயுற மாட்டையும் எடுக்கணும்னா இது மாதிரி ஒண்ணு வேணும். ஆனா கோமுகி அணையில மீன்கொத்தி எடுக்கப் போறவங்க இதை நம்ப வேண்டாம். 200க்கு மீன்கொத்தி வெறும் நீலப் புள்ளி.

இதெல்லாம் எடை போட்டா 35 பக்கம்தான் தட்டு இறங்குது. தம்பிக்கு "வந்து வாங்கிக்கப்பா"ன்னு சொல்லிடலாம்னுகூட இருந்தேன். குறுக்க வந்தது ரெண்டு விஷயம்.

ஒண்ணு, கூவாகம். உளுந்தூர்பேட்டை பக்கம், இப்ப எங்க மாவட்டத்துலதான் வருது. சித்திரையில கூத்தாண்டவர் கோயிலுக்கு நாடு முழுக்க இருந்து திருநங்கைகள் வருவாங்க. தாலி கட்டிக்குவாங்க, மறுநாள் அதை அறுத்துட்டு அழுவாங்க. கேமராக்காரங்களும் கும்பல் கும்பலா வருவோம். அழுற முகத்துக்கு ஒரு முழம் தள்ளி லென்ஸை நீட்டுறவங்களைப் பார்த்தா எனக்குச் சங்கடமா இருக்கும். நான் எட்ட நின்னு 200-ல எடுப்பேன். ஆனா எட்ட நின்னு எடுக்கிறது மரியாதையா, இல்ல கேக்காம எடுக்கிற சௌகரியமா? எடுக்கப்பட்டவங்களுக்கு அது தெரியக்கூட தெரியாதே. இந்தக் கேள்வி ரொம்ப வருஷமா என் பையிலயே கிடக்கு.

ரெண்டாவது, கருணாபுரம்.

2024 ஜூனுக்கு முன்னாடி இந்தப் பேரைச் சொன்னா வெளியூர்ல யாருக்கும் தெரியாது. கள்ளக்குறிச்சி டவுனுக்குள்ளயே இருக்கிற பகுதி. எங்க வீட்டுக்கும் அதுக்கும் நடுவுல நாலு தெரு. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடிச்சவங்களை ஜூன் 18, 19-ல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், ஜிப்மர்னு எல்லா ஊர்லேர்ந்தும் உடம்பு திரும்பி வந்துது. 60 பேருக்கு மேல போயிட்டாங்க. பெரும்பாலும் அன்னாடம் கூலிக்குப் போற ஜனம். அந்த வாரம் தெரு முழுக்க பத்திரிகைக்காரங்க, டிவிக்காரங்க. அது அவங்க வேலை. நான் கேமராவைத் தொடவே இல்ல.

ஒரு பத்து நாள் கழிச்சு, அந்தப் பகுதியிலேர்ந்து ஒரு பையன் வீடு தேடி வந்தான். காலேஜ் படிக்கிற வயசு. வாசல்லயே நின்னான்.

"ண்ணா, போன வருஷம் ஆடியில கூழ் ஊத்தினப்ப நீங்க படம் எடுத்தீங்கல்ல? அதுல எங்கப்பா இருப்பாரா?"

அவங்க வீட்டுல அப்பாவோட படம்னு இருந்தது ஆதார் அட்டையில இருக்கிறது ஒண்ணுதான். ஆதார் போட்டோ எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். அதைப் பெருசாக்கி மாலை போட அவங்கம்மாவுக்கு மனசு வரல.

கம்ப்யூட்டரைப் போட்டு 2023 ஆடி ஃபோல்டரைத் திறந்தோம். மாரியம்மன் கோயில் வாசல், கூட்டம், பெரிய அண்டா. 18-ல எடுத்த படம். அதுல அவன் ஒரு தலையைக் காட்டினான், கடுகளவு. அடுத்த படத்துக்குப் போனேன். அதே நிமிஷத்துல வளையத்தைத் திருப்பி 200-ல எடுத்தது. தோள்ல துண்டு, கையில கூழ் சொம்பு, யாரோ சொன்ன ஏதோ ஒண்ணுக்கு வாய் விட்டுச் சிரிக்கிறார். ஓரமெல்லாம் கொஞ்சம் சோப்பு நுரை. சாயங்கால வெளிச்சம், அதனால புள்ளி புள்ளியா இரைச்சல் வேற. போட்டிக்கு அனுப்பினா முதல் சுத்துலயே தூக்கிப் போடுவாங்க.

பையன் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "இந்தப் பல்லு தெரியறது... வீட்டுல அம்மாகூட இப்படிச் சிரிச்சுப் பார்த்திருக்க மாட்டாங்கண்ணா"ன்னான்.

அதை 12க்கு 15 சைஸ்ல பிரிண்ட் போட்டுக் குடுத்தேன். அதுக்கப்புறம் இன்னும் மூணு வீட்டுக்காரங்க வந்தாங்க. ரெண்டு பேருக்குக் கிடைச்சுது. ஒருத்தருக்கு எவ்வளவு தேடியும் கிடைக்கல. அந்தம்மா "பரவால்ல தம்பி"ன்னு சொல்லிட்டுப் போனது இன்னும் உறுத்துது.

அன்னைக்கு என் கேமராவுல 35 இருந்திருந்தா அண்டா இன்னும் பளிச்சுனு வந்திருக்கும். அந்தச் சிரிப்பு வந்திருக்காது. நான் கிட்டப் போயிருந்தாலும் வந்திருக்காது. கேமராவைப் பார்த்ததும் வாயை மூடிக்கிட்டு விறைப்பா நிக்கிற தலைமுறை அது. கேக்காம எடுத்ததுதான் அந்தப் படத்தோட உயிர். ஆனா, எடுத்த படம் கிட்டத்தட்ட ஒரு வருஷம் என் ஹார்டு டிஸ்க்குலயே கிடந்தது. அந்த மனுஷன் அதைப் பார்க்கவே இல்ல. கூவாகத்துலேர்ந்து பையில கிடந்த கேள்விக்கு எனக்குக் கிடைச்ச பதில் இதுதான். தூரத்துலேர்ந்து எடுத்துக்கலாம். எடுத்ததைத் தூக்கிக்கிட்டுக் கிட்டக்கப் போகணும்.

அதனால லென்ஸ் என்கிட்டயே இருக்கு. தங்கமணிகிட்ட இதைச் சொன்னேன். "சரி, வச்சுக்கோங்க"ன்னாங்க. இவ்வளவு சின்னத் தீர்ப்பு எங்க வீட்டுல இதுவரைக்கும் வந்ததில்ல. சின்னசேலம் தம்பிக்கு போன் பண்ணி, 2013-ல் வந்த 18-140 பழசு ஏதாச்சும் கிடைச்சா பாருப்பா, இதை விட எடை கம்மி, படமும் தெளிவா இருக்கும்னு சொல்லிட்டேன். வருத்தம்தான் அவருக்கு. 35க்கு உண்டியல் தனியா ஓடுது.

கூடவே ஒரு வழக்கமும் வந்திருக்கு. திருவிழா முடிஞ்ச வாரமே, 200-ல மாட்டினவங்க முகத்தை எல்லாம் நாலுக்கு ஆறு பிரிண்ட் போட்டு, ஒரு மஞ்சப் பையில எடுத்துக்கிட்டு தெருத்தெருவா விசாரிச்சுக் குடுத்துட்டு வர்றேன். பாதிப் பேர் "ஐய, எப்ப எடுத்த இத? சொல்லக் கூடாதா, தலை சீவிக்கிட்டு நின்னிருப்பேன்ல"ன்னு திட்டுறாங்க. திட்டிக்கிட்டே உள்ள கொண்டு போய் சாமி படத்துக்குப் பக்கத்துல சொருகி வைக்கிறாங்க.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு லென்ஸ் தூங்குதா? விக்கிறதுக்கு முன்னாடி பழைய ஃபோல்டரை ஒரு தடவை திறந்து பாருங்க. எது ஷார்ப்பா இருக்குன்னு பார்க்காதீங்க, எதெல்லாம் அது இல்லாட்டி கிடைச்சிருக்காதுன்னு பாருங்க. ஒண்ணும் தேறலைன்னா தாராளமா வித்துடுங்க.

டிஸ்கி: மலைக்கு எடுத்துட்டுப் போனவங்க லென்ஸை ஈரத்தோட பையில போட்டு மூடாதீங்க, பூஞ்சை புடிச்சா கதை கந்தல். காத்துப் போகாத டப்பா, உள்ள சிலிக்கா ஜெல். அவ்ளோதான் மேட்டர்.