நித்தியகல்யாணிக்கு

அன்புள்ள நித்தியகல்யாணி,

அம்பத்தூரில் உன்னை யாரும் நட்டு வளர்த்ததாக எனக்கு நினைவில்லை. ஸ்டேஷன் சுவரோரத்திலும் எஸ்டேட் கம்பெனி கேட் பக்கத்திலும் நீயாக முளைத்துப் பூத்துக்கொண்டிருந்தாய். ஆடுகூட உன்னைக் கடிக்காது. சுடுகாட்டுப் பூ என்று சொல்லி என் பாட்டி உன்னைச் சாமிக்கு வைக்கமாட்டார். பத்தாம் வகுப்பில் எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, உன் இலையிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின்தான் வாராவாரம் என் கை நரம்பில் ஏறியது.

நித்தியகல்யாணி, நீ மடகாஸ்கரில் பிறந்தவள் என்பதையெல்லாம் பிறகுதான் படித்தேன். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சர்க்கரை நோய்க்கு ஆவாயா என்று உன் சாற்றை எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள் இறங்கின. அந்தத் தடம் பிடித்து 1958இல் வின்பிளாஸ்டின் வந்தது. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு கிராம் மருந்துக்கே ஏராளமான உலர்ந்த இலை வேண்டும். ஒரு வேளைக்கு அதிகபட்சம் இரண்டு மில்லிகிராம்தான் ஏற்றுவார்கள். அப்படியிருந்தும் ஒவ்வோர் ஊசிக்கும் எனக்காக எவ்வளவு இலை காய்ந்திருக்கிறது! தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் வெயிலில் நின்று உன்னைப் பயிரிடுகிறவர்களையும் கும்பிட்டுக்கொள்கிறேன்.

நித்தியகல்யாணி, உன்னை அளவறிந்து கொடுக்கத் தெரிந்த கைகளிடம் என்னைச் சேர்த்தாய். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அது. 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அந்த நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். என் அம்மா அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் செய்தி வந்த அன்று வீட்டில் விளக்கேற்றினாள்.

நித்தியகல்யாணி, நோய் போனதைவிட அதற்குப் பின் வந்த சாதாரண நாட்களுக்காகத்தான் உன்னை அதிகம் நினைக்கிறேன். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி பத்தாம் வகுப்பு படித்தேன். கோரையாக இருந்த முடி சுருட்டையாக வளர்ந்தது. காய்ச்சல் அடித்தால் அம்மா முகம் இன்னும் வெளுத்துவிடும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் அடக்கிய குரலில் பேச்சு நடக்கும். சொல்லிவிடுங்கள் என்றேன். உன்னோடு ஏற்றிய வேறொரு மருந்து இதயத்தைப் பாதித்திருக்கிறதா என்று எக்கோ எடுத்துப் பார்க்கிறார்கள். நீயும் என் கால்விரல்களில் கொஞ்சம் மரமரப்பை விட்டுப் போயிருக்கிறாய். கூட்டமான மின்சார ரயிலில் வெகுநேரம் நின்றால் தெரியும். அதில் எனக்கு வருத்தமே இல்லை; அந்த ரயிலில் வேலைக்குப் போகிறேன் அல்லவா?

நித்தியகல்யாணி, பட்டாபிராமில் ஒரு சிறுமிக்கு இப்போது உன்னை ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். உன் பூவைக் காட்டி, மருந்து இதிலிருந்துதான் வருகிறது என்றேன், நம்பவில்லை. தாடை வலித்தாலோ, மலம் இறுகினாலோ, கால் மரத்தாலோ வெட்கப்படாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். முடி எப்போது வளரும் என்று கேட்டாள். என் தலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

அன்புடன்,
அம்பத்தூரிலிருந்து உன் கடனாளி