இடம் கொடுப்பவர் யார்?

சொல்லடைவு தொகுப்பவர்க்குச் சொல்தான் பெரிது. அதை வைக்க இடம் எங்கிருந்து வருகிறது என்பது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. பழந்தமிழ் நூல்களுக்கான சொல்லடைவு நிரல் ஒன்றைச் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுத முனைந்தபோது, நமக்கு அந்த இடமே முதற் கேள்வியாக வந்து நின்றது.

சொற்களை அடுக்கும் அமைப்பைக் கன்டெய்னர் என்பர், கொள்கலன் எனலாம். அது வளரும்போதெல்லாம் நினைவகத்தில் இடம் பெற்றுத் தருவது அலொகேட்டர். இலட்சக்கணக்கான சிறு சொற்களுக்குத் தனித்தனியே இடம் கேட்பதைவிட, ஒரு பெரும்பரப்பை முன்னரே வாங்கி, அதிலிருந்து வரிசையாகக் கொடுத்து, வேலை முடிந்ததும் மொத்தமாக விடுவிப்பது விரைவானது. ஆனால் இதைக் கொள்கலன் உருவாகும்போதே கன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்றுதல் எளிதன்று.

இந்நூலகத்தை வகுத்த அலெக்சாண்டர் ஸ்டெபனோவ், பழைய இன்டெல் கணினிகளில் நினைவக முகவரிகள் பலவகையாக இருந்த தொல்லையை மறைக்கவே அலொகேட்டரைக் கொண்டுவந்தார். 1998-ஆம் ஆண்டுத் தரம் அதைக் கொள்கலனின் வகையிலேயே பதித்துவிட்டது. உள்ளிருப்பவை ஒன்றே எனினும், அலொகேட்டரின் வகை வேறானால் கொள்கலனும் வேறு வகை. ஒன்றைக் கேட்கும் இடத்தில் மற்றொன்றைக் கொடுக்க இயலாது. ஒரே வகை அலொகேட்டர்கள் யாவும் சமம் என்று நூலகம் கருதிக்கொள்ளவும் அத்தரம் அனுமதித்தது. ஆகவே தனக்கென ஒரு பரப்பை வைத்திருக்கும் அலொகேட்டரை நம்ப முடியவில்லை.

2011-ஆம் ஆண்டுத் தரத்தில் இக்குறை நீங்கியது. ஆனால் அதே தரத்தில், எண்ணிக்கையை மட்டும் பெறும் வெக்டர் கன்ஸ்ட்ரக்டரில் அலொகேட்டரைச் சொல்லும் வழி விடுபட்டுப்போனது, 2014-இல்தான் சேர்த்தார்கள். சொல்ல வாயில் இல்லாவிட்டால் உரிமை இருந்தும் பயனில்லை என்பதற்கு இதுவே சான்று.

2017-இல் பாலிமார்ஃபிக் அலொகேட்டர் வந்தது. வகை மாறுவதில்லை, எந்தப் பரப்பு என்பதை நிரல் இயங்கும்போது கன்ஸ்ட்ரக்டரிடம் சுட்டினால் போதும். வெளிக்கொள்கலனுக்குச் சொன்னது, அதே முறையில் அமைந்த உள் ஸ்ட்ரிங்குகளுக்கும் சென்று சேர்கிறது. நகலெடுக்கும்போது மட்டும், தனியாகச் சொல்லாவிடில், நகல் பொது இடத்திற்கே போய்விடும்.

இவ்வசதிக்கு ஒரு விலையும் உண்டு. இடம் தரும் பரப்பு, இடம் பெற்ற கொள்கலனைவிட நீண்டு வாழ வேண்டும். தவறினால் சொற்கள் இருப்பதுபோலத் தோன்றும்; இருக்கமாட்டா. கம்பைலர் பெரும்பாலும் வாய் திறக்காது. ஆகவே நமது நிரலில் பரப்பை முதலிலும் கொள்கலனைப் பின்னரும் அறிவிக்கிறோம். பின்னால் பிறந்ததே முன்னால் அழியும் என்பது இம்மொழியின் விதி.