ஆரின்ர ஆயுசுக்கு?

எங்கட வான் 180,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. போன வசந்தத்தில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது ஒரு இடி இடிக்கத் தொடங்கியது. ரொறன்ரோவில் இருபது வருசம் ரக்சி ஓடின அப்பா பின் சீற்றில் இருந்தபடியே கேட்டார்: "கியர் ஒயில் பாத்தனியோ?"

"இதுக்கு டிப்ஸ்டிக் இல்லை அப்பா. சீல் பண்ணினது. ஆயுசுக்கும் மாத்தத் தேவையில்லையாம்."

"ஆரின்ர ஆயுசுக்கு?"

என்னிடம் பதில் இல்லை. சின்ன வயதில் ஒவ்வொரு ஞாயிறும் அவர் டிப்ஸ்டிக்கை இழுத்து, துணியில் துடைத்து, என் மூக்கருகே பிடிப்பார். சிவப்பென்றால் நல்லது. கறுத்து, கருகின மணம் வந்தால் செலவு வருகுது.

தேடிப் பார்த்தேன். எங்கள் வானில் குழாய் இருக்கிறது, குச்சிதான் இல்லை. மூடியில் 'டீலருக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. குச்சியைத் தனியாக வாங்கலாம். ஆனால் அதில் கூட, குறைய என்ற கோடுகள் இல்லை, வெறும் மில்லிமீட்டர்தான். சூடேற ஒயில் விரிந்து மட்டம் உயரும். ஆகவே ஒயிலின் வெப்பநிலையும் அதற்குரிய அட்டவணையும் வேண்டும்.

ஒரு ஞாயிறு வானைச் சமதரையில் விட்டு, என்ஜினை ஓடவிட்டோம். நான் ஃபோனில் வெப்பநிலை வாசித்தேன். அப்பா குச்சியை அடித்தட்டில் முட்டும்வரை இறக்கி எடுத்தார். ஒன்பது வயது மகள் தள்ளி நின்று கொப்பியில் எழுதினாள். மூன்று தரம் பார்த்தோம். அட்டவணையைவிட 15 மில்லிமீட்டர் குறைவு. நிறம் தேத்தண்ணி மாதிரி.

அன்றிரவு மகள் அதே கொப்பியோடு அப்பாவிடம் போனாள்.

"அப்பப்பா, உங்கட சுகர் எவ்வளவு?"

"எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை."

மாதக்கணக்காக எனக்கும் இதே பதில்தான். நான் அதோடு விட்டுவிடுவேன். அவள் விடவில்லை.

"பாத்தனீங்களோ?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து மீற்றரை எடுத்து வந்தார். 14.2. அவள் அதையும் கியர் ஒயில் கணக்குக்குக் கீழே எழுதினாள்.

அந்தக் கிழமை வான் மெக்கானிக்கிடமும், அப்பா டொக்டரிடமும் போனார்கள். அச்சு சீலில் கசிவு. சீலையும் ஒயிலையும் மாற்ற, இடி நின்றது. அப்பாவுக்கு மருந்தை மாற்றியிருக்கிறார்கள். மெல்ல மெல்லக் குறைகிறது.

எல்லா வண்டிக்கும் இந்தக் குழாய் இருக்காது. பலவற்றில் அடியிலுள்ள திருகைக் கழற்றித்தான் மட்டம் பார்க்க வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கோ. வீட்டில் "ஒண்டுமில்லை" என்று சொல்லுகிற ஆளிடம் மட்டும், இரண்டாம் தரமும் நீங்களே கேளுங்கோ.