மலிவு விலைப் பட்டை ரம்பமும் சில திருத்தங்களும்

பள்ளி விடுமுறைக்கு எங்கே சென்றீர்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தனர். எங்கும் செல்லவில்லை. வீட்டின் பின்புறத்தில், துணி காயப்போடும் இடத்தை ஒட்டியுள்ள என் சிறு பட்டறையில் ஒரு பட்டை ரம்பத்தோடு பொழுது கழிந்தது. கடைக்காரர்கள் இதனைப் 'பேண்ட்சா' என்பர். வளையமாகப் பற்றவைக்கப்பட்ட பல்வைத்த எஃகுப் பட்டை ஒன்று இரு சக்கரங்களின்மேல் ஓடி இரும்பை அறுக்கும். நான் வாங்கியது 4 அங்குல உயரமும் 6 அங்குல அகலமும் உள்ள இரும்புவரை அறுக்கக்கூடிய சிறிய வகை. பட்டையின் நீளம் 1638 மில்லிமீட்டர். தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்டு, வேறு வேறு வண்ணங்களில் வேறு வேறு பெயர்களில் விற்கப்படுவது இது.

என் அம்மாவுக்கு வயது 78. வாசலில் மூன்று படிகள் உள்ளன. மழை நாளொன்றில் அவர் வழுக்கி விழுந்ததிலிருந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறார். அப்படிகளுக்குக் கைப்பிடி செய்வதற்காகவே இந்த ரம்பம் வீட்டுக்கு வந்தது. நான் தேர்ந்தெடுத்த சதுரக் குழாயின் கனம் 1.6 மில்லிமீட்டர்தான். வெட்டு கோணலானால் இணைப்பில் இடைவெளி விழும். பற்றவைக்கும்போது அந்த இடைவெளியில் மெல்லிய உலோகம் உருகி ஓட்டையாகும். அதனை அடைத்து, தேய்த்து, சாயம் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், அம்மா தம் பாரம் முழுவதையும் அந்த இணைப்பின்மீதுதான் சாய்ப்பார்.

முதல் வெட்டில் 50 மில்லிமீட்டர் குழாயில் 2 மில்லிமீட்டர் கோணல் இருந்தது. "விலைக்கேற்ற பொருள்தானே, சார்!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இதன் வார்ப்பிரும்புச் சட்டமும் சக்கரங்களும் பல்லாண்டுகளுக்குத் தாங்கும். தொழிற்சாலையில் மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் சரிபார்க்கும் நேரந்தான். அந்த நேரத்தை நாம் செலவிட்டால் போதும்.

கோணல் இரு வகைப்படும். வெட்டிய முனையில் மூலைமட்டத்தை இரு திசைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் கோடு சாய்ந்திருந்தால் பிடிப்பானின் நிலைத்த தாடை திரும்பியிருக்கிறது என்று பொருள். மேலிருந்து கீழாகச் சாய்ந்திருந்தால் குற்றம் பட்டையில் உள்ளது. என் ரம்பத்தில் இரண்டும் இருந்தன! தாடையைப் பட்டைக்குச் செங்குத்தாக வைத்து ஆணிகளை இறுக்கியதில் முதலாவது பத்து நிமிடத்தில் தீர்ந்தது.

இரண்டாவதுதான் நாளை விழுங்கியது. வெட்டும் இடத்தின் இருபுறமும் பட்டையைத் தாங்க இரட்டை பேரிங்குகள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்றின் அச்சு மையம் விலகியது. ஆகவே, அதனைத் திருகினால் பேரிங் பட்டையை நெருங்கும் அல்லது விலகும். என்னுடையதில் ஒரு காகித அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. மின்செருகியைக் கழற்றிவிட்டு, இரு பேரிங்குகளும் பட்டையை மெல்லத் தொடுமாறு திருகினேன். பிறகு தாங்கிகளைக் குழாய்க்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு நகர்த்தினேன். தாங்கல் இல்லாமல் ஓடும் நீளம் குறையக் குறையப் பட்டையின் அலைச்சலும் குறையும். பட்டையின் முதுகு சக்கர விளிம்பில் உராய்ந்து கிறீச்சிட்டதால், மேற்சக்கரத்தின் சாய்வையும் சற்றே மாற்றினேன்.

கூடவே வந்த பட்டையைத் தயங்காமல் கழற்றிவிடலாம். அதிவேக எஃகுப் பற்களும் வளையும் எஃகு முதுகும் கொண்ட ஈருலோகப் பட்டை ஒன்று வாங்கினேன். விலை கூடுதல், ஆனால் நெடுநாள் உழைக்கும். எந்நேரமும் குறைந்தது மூன்று பற்களாவது இரும்பில் படிந்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. அதனால் மெல்லிய குழாய்க்கு அங்குலத்துக்கு 24 பல் உள்ளதை எடுத்தேன்.

அறுக்கும் கை தன் பாரத்தாலேயே கீழிறங்குகிறது. அந்தப் பாரத்தைக் குறைக்கச் சுருள்வில் ஒன்று உண்டு. அது தளர்ந்திருந்தால் பற்கள் குழாயின் விளிம்பைக் கவ்வி உடையும். மீன் நிறுக்கும் கொக்கித் தராசால் கையின் நுனியைத் தூக்கிப் பார்த்து, சுமார் 4 கிலோ வரும்வரை வில்லை இறுக்கினேன். (தராசைத் தேடிய மனைவியிடம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.) குட்டையான துண்டைப் பிடிக்கும்போது அசையும் தாடை ஒரு பக்கமாகத் திரும்பிவிடும், மறுமுனையில் அதே அகலமுள்ள துண்டொன்றைச் செருகினால் நேராக நிற்கும். தகரக் கால்களின் ஆட்டத்தை நிறுத்த, குறுக்கே இரும்புக்கோணம் வைத்து முடுக்கினேன். அக்கோணங்களை அறுத்ததும் இந்த ரம்பமே.

ஓடும் ரம்பத்தருகே கையுறை அணியாதீர். பட்டை துணியைப் பற்றினால் விரலையும் இழுத்துவிடும்.

இப்போது அதே குழாயில் மூலைமட்டத்தை வைத்தால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒளிக்கீற்றுதான் தெரிகிறது. கைப்பிடியின் இரு தூண்களும் நான்கு குறுக்குக் குழாய்களும் இடைவெளியின்றிப் பொருந்தின. சென்ற ஞாயிறன்று காரை பூசி நிறுத்தினேன். என் எடை 82 கிலோ; தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. அம்மாவுக்கு அதன் கறுப்பு நிறம் பிடிக்கவில்லை. பச்சைச் சாயம் வாங்க வேண்டும்.