வெள்ளைச் சீருடையும் விளையாட்டு மைதானமும்

பதின்மூன்று வயதைக் கடந்ததும் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டில் நாட்டம் குன்றிவிடுகிறது என்று ஆசிரியர் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். பெற்றோரும் அதனை ஆமோதிக்கின்றனர். எல்லப் பகுதித் தோட்டங்களிலிருந்து கல்வி பயில வரும் மாணவியரைப் பல்லாண்டுகளாகக் கண்டுவரும் எனக்கோ இக்கூற்று ஏற்புடையதாகத் தோன்றவில்லை. எல்ல ரொக் மலையில் ஒருமுறை ஏறி இறங்கியதைப் பெருஞ் சாதனையெனப் படமெடுத்துச் செல்கின்றனர் வெளிநாட்டார். லயத்திலிருந்து தெருவுக்கு நாள்தோறும் ஏறி, மாலையில் இறங்கி, பின்னர் தண்ணீர்க் குடமும் சுமக்கும் பிள்ளையை நாம் சோம்பேறி என்கிறோம்!

ஆயினும், உடற்கல்விப் பாடவேளை வந்ததும் அப்பிள்ளையே, "வயித்துவலி, டீச்சர்" என்று மர நிழலில் ஒதுங்குகிறாள் என்பதும் மெய்யே. இது மலைநாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவரைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2016இல் போதிய உடலுழைப்பு இல்லாதோர் பெண்களில் நூற்றுக்கு 85 பேர். ஆண்களில் 78 பேர். ஆண் பிள்ளைகளைக் குறித்தும் பெருமை கொள்வதற்கில்லை.

காரணத்தை எங்கெங்கோ தேடுகிறோம். அது பிள்ளையின் உடுப்பிலேயே இருக்கிறது. நம் நாட்டில் மாணவியர் சீருடை வெள்ளை. தோட்டத்துப் பிள்ளைக்கு அது இரண்டு இருந்தால் அதிகம். மார்கழி மழையில் லயத்துக் கொடியில் அது காய்வதற்குள் பிள்ளை படும் பாடு தாய்க்கே தெரியும். சேறு பட்டால் துவைக்கலாம். மாதவிலக்கு நாளில் கறை பட்டுவிடுமோ என்னும் அச்சத்தை எதைக்கொண்டு துவைப்பது? இதனைப் பத்திரிகையில் எழுதலாமா என முகஞ் சுளிப்போர் இருக்கலாம். முழு வெள்ளையே அணிய வேண்டுமென்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிடிவாதம் செய்த விம்பிள்டன் டென்னிஸ் சங்கத்தார், இவ்வச்சத்தை உணர்ந்தே 2023 முதல் வீராங்கனையர் உள்ளே கருநிறக் காற்சட்டை அணிய இசைந்தனர். புகழும் செல்வமும் படைத்தோரையே வாட்டிய அச்சம், கழிவறையில் நீர் வராத பாடசாலைச் சிறுமியை வாட்டாதிருக்குமா?

சுகாதாரத் துவாய் வாங்குவதற்கென மாணவியருக்கு அரசு 2024இல் பற்றுச்சீட்டு வழங்கியது. நற்செயலே. ஆனால் அதை மாற்றிக்கொள்ளத் தாழ்ப்பாளுள்ள ஓர் அறையும் ஒரு வாளி நீரும் வேண்டுமே!

நானறிந்த பாடசாலையொன்றில் ஆசிரியை ஒருவர், உடற்கல்வி உள்ள நாளில் மாணவியர் கருநீல நிற நீளக் காற்சட்டையுடன் வரலாம் என ஏற்பாடு செய்தார். மறுவாரமே ஒரு தந்தை வந்து நின்றார். "வயசுக்கு வந்த புள்ள களிசான் போட்டுக்கிட்டு ரோட்டுல வரலாங்களா, டீச்சர்?"

ஆசிரியை சினங்கொள்ளவில்லை. "மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறவங்க, வேலைக்கு ஏத்த மாதிரி இடுப்புல படங்கு கட்டுறாங்க இல்லையா, அண்ணே? வெளையாட்டுக்கு ஏத்தது இது" என்றார். அம்மனிதர் சற்றுநேரம் நின்று யோசித்துவிட்டுப் போனார். பிள்ளை தொடர்ந்து காற்சட்டையுடனேயே வந்தாள்.

உடுப்போடு காரியம் முடிந்துவிடவில்லை. வலைப்பந்தில் அணிக்கு எழுவர். நாற்பது பேருள்ள வகுப்பில் பதினால்வர் ஆட, ஏனையோர் பந்து பொறுக்குவதற்குப் பெயர் உடற்கல்வியா? பெண் நெடிது வளர்ந்தால் மாப்பிள்ளை கிடைக்காதே எனக் கவலையுறும் சமூகம் நம்முடையது. அவ்வுயரத்தையே பலமாகக் கொண்டு, யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை இலங்கைக்கு வென்று தந்த அணிகளில் ஆடினார். எல்லாருக்கும் அத்தகைய உயரமோ வேகமோ வாய்ப்பதில்லை. மேற்கூறிய ஆசிரியை பாடவேளையில் ஒரு பகுதியைக் கோலாட்டத்துக்கும் கயிறு தாண்டுவதற்கும் ஒதுக்கினார். ஓட்டத்திலும், யார் முந்தினார் என்று பாராது, ஒவ்வொருத்தியும் சென்ற மாதத்தைவிட எத்தனை விநாடி குறைத்தாள் என்றே குறித்துவைத்தார். கோலாட்டத்துக்கு முதலில் எழுந்தவர்கள், அதுவரை வயிற்றுவலி சொன்னவர்களே.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கெனப் பந்தலுக்கும் கிண்ணங்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஆண்டுதோறும் பணம் திரட்டுகின்றன. அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் தாய்மார், பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, பின்னர் கணக்கறிக்கையைக் கேட்கட்டும். ஒரு தாழ்ப்பாளின் விலை, ஒரு வெற்றிக்கிண்ணத்தின் விலையிலும் குறைவுதான்.